ஏரிக்குப் பன்னிரண்டு நிறம்

நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே எத்தனை தூரம் என்று நான் அளந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இவ்வளவு, மஞ்சளிலிருந்து பச்சைக்கு இவ்வளவு என்று, பொன்னேரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில், அரபி எழுத்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அளந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம். ஒரு மனுஷன் திருடனா இல்லையா என்பது அந்த அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் என் வீட்டுக்காரர்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டிலிருந்து படகில் அரைமணி நேரம். ஏரியில் வலை போடுவதற்கு எங்களிடம் 'பாடு' என்று ஒரு முறை. ஏரி பொது, ஆனால் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்தக் காலத்தில், அதாவது எண்பதுகளின் கடைசியில், எங்கள் ஊரில் பன்னிரண்டு கூட்டு. ஒரு கூட்டுக்கு மூன்று நான்கு ஆம்பிளைகள். இடத்துக்குச் சீட்டு எடுக்கும்போதே நிறத்துக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வந்த நிறத்தை வலையின் மிதவைக் கட்டைகளில் பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வலையை இறக்கிவிட்டு வருவார்கள். விடியும்போது போய்த் தன் நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள். அடுத்தவன் மிதவையைத் தொடுவது அடுத்தவன் வீட்டு அடுப்பில் கை வைப்பதைப் போல.

என் நைனாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. அதனால் மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்தார். வடக்கே தடா பக்கத்து ஆள். அவர்கள் ஊரில் மிதவைக்கு நிறம் அடிக்கும் வழக்கமில்லை. கயிற்றில் துணியைக் கட்டி, முடிச்சை எண்ணித் தெரிந்துகொள்வார்கள். இங்கே அவர் பேரை நைனாவின் கூட்டில் சேர்த்து, ஊர் நோட்டில் எழுதியும் ஆயிற்று. நோட்டில் பேர் இருந்தால் ஏரியில் பாடு உண்டு. இல்லாவிட்டால் கரையில் நின்று ஏரியை வேடிக்கை பார்க்கலாம்.

எங்கள் கூட்டுக்கு இலைப்பச்சை விழுந்தது. ஏரியில் எங்களுக்குப் பக்கத்து இடம் விழுந்த கூட்டுக்குச் செங்காவி. அந்தக் கூட்டுக்குப் பெரியவர் எனக்கு மாமா முறை. அவர் வாயைப் பற்றி எங்கள் ஊரில் சொல்வார்கள்: "அவன் தும்மினாலே பத்து பேரு பதில் சொல்லணும்."

ஒரு நாள் நைனாவுக்குக் காய்ச்சல்; கூட்டில் மற்றவர்களும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தனியாகப் போனார். விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் படகு நிறைய நண்டோடு வந்து, முகமெல்லாம் பல்லாக, வலையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் காயப் போட்டார்.

"இன்னாமே, பாத்தியா? ஒண்டியா போயி எவ்ளோ இஸ்துகினு வந்தேன் பாரு!"

நான் பார்த்தேன். வாசலில் வரிசையாகச் செங்காவி மிதவைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்குள் மாமா வந்துவிட்டார். பின்னால் பாதி ஊர்.

"இன்னா மாப்ளே, என் வலை உன் வூட்டு வாசல்ல தூளி ஆடுது?"

"இது எங்க வலை மாமா. பச்சை."

"இது பச்சையா?"

"பச்சைதானே?"

ஊரே சிரித்தது. சிரித்த வாயை மூடியதும் அதே ஊர் கோபப்பட்டது. திருடினதோடு நிற்காமல் முகத்தைப் பார்த்துக் கிண்டல் வேறு செய்கிறான் என்று ஆகிவிட்டது. மாமா ஒரு மிதவையைப் பிடுங்கி என் நைனாவிடம் நீட்டினார். காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்த நைனா அதைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், திரும்ப உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கூட்டம். ஊர்த்தலைவர் நிறையப் பேசுகிறவரில்லை. "அடுத்த சீட்டு குலுக்குற வரைக்கும் இவன் தண்ணியில எறங்க வேணாம். அன்னிக்கு நோட்டுல பேரு இருக்கணுமா கூடாதான்னு பாப்போம்" என்றார். சீட்டு குலுக்க இருபத்திரண்டு நாள் இருந்தது. பேர் போனால் அவர் தடாவுக்குத் திரும்ப வேண்டியதுதான், திருடன் என்ற பட்டத்தோடு. நானும் கூடப் போக வேண்டும். நைனா தனியாக.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

பத்தாவது முடித்துவிட்டுப் பொன்னேரிக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனவள் நான். கற்றுக்கொண்ட இடத்திலேயே கற்றுக்கொடுக்கிறவளாகவும் ஆகிவிட்டேன். இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவர் பழவேற்காட்டுக்காரர், வியாபாரம் செய்த பழைய குடும்பம். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். அவருடைய தம்பி குவைத்திலிருந்து வந்தபோது ஒரு கலர் டிவியும், அதோடு சேர்த்து மாட்டுகிற ஒரு சின்ன கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் என்றால் தடித்த ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். ஒவ்வொரு சாவியிலும் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து. பெருக்குகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஓதுற மிஷினா பாய்?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது. பாய் மறுக்கவில்லை. "மரியாதையா தொடச்சா சரி" என்றார்.

'கம்ப்யூட்டர் வகுப்பு நடைபெறும்' என்று வாசலில் போர்டு எழுதி வைத்தார். சொல்லித் தருவதற்குத்தான் ஆளில்லை. அதோடு வந்த புத்தகத்தில் பாதி அரபி, பாதி இங்கிலீஷ். "உனக்குத்தான் டைப் வருமே, நீயே பாத்து அடிச்சுப் பழகு" என்று என்னிடம் விட்டுவிட்டார். நானும் பழகினேன். புத்தகத்தில் இருந்ததை அப்படியே அடிப்பேன். எது மாறினால் எது மாறுகிறது என்று பார்ப்பேன். அந்த மெஷினில் எனக்குப் பிடித்தது நிறம்தான். மூன்று குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து ஏழுவரைக்கும் திறக்கலாம். மூன்றும் கலந்து டிவியில் ஒரு நிறமாக விழும். எட்டு எட்டாகப் பெருக்கிப் பார்த்தால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு நிறம்! நான் அதுவரை பார்த்த நிறம் மொத்தத்தையும் எண்ணினாலும் ஒரு புடவைக் கடையைத் தாண்டாது.

வீட்டுக்காரருக்குத் தடை விழுந்த இரண்டாம் நாள் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் பெயிண்ட் வாங்கும் லட்சணம் எனக்குத் தெரியும். கடையில் எது மிச்சமிருக்கிறதோ அது. செங்காவியும் வெயிலில் மங்கும், பச்சையும் பாசி பிடித்துக் கறுக்கும். ஒன்றோடொன்று ஒட்டாத பன்னிரண்டு நிறத்தைக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்தால்? "தப்பு பெயிண்டில் இருக்கிறது, மனுஷனிடம் இல்லை" என்று கூட்டத்தில் சொல்லலாமே.

எப்படி எடுப்பது? அதற்குப் புத்தகத்தில் வழியில்லை. எங்கள் ஏரியில் இருந்தது. வலை இறக்கப் போகிறவன் முதலில் என்ன செய்வான்? ஏற்கெனவே வலை இறக்கியிருப்பவர்களைச் சுற்றிப் பார்ப்பான். ஒவ்வொருவனிடமிருந்தும் இத்தனை கழி தூரம் இருக்கிறதா என்று பார்ப்பான். ஒருவனுக்காவது கிட்டே போய்விட்டால், படகைத் திருப்பிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டும். அதையே எழுதினேன். கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிறத்தை எடுக்கும். ஏற்கெனவே இடம் பிடித்த நிறங்கள் ஒவ்வொன்றோடும் தூரத்தை அளக்கும்: சிவப்புக்குச் சிவப்பு எவ்வளவு வித்தியாசம், பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம், ஒவ்வொன்றையும் அதோடே பெருக்கி மூன்றையும் கூட்டினால் தூரம். குறைவாக இருந்தால், "போ, போ, வேற எடம் பாரு." போதுமான தூரம் இருந்தால், "எறக்கு வலையை." பன்னிரண்டு ஆனதும் நிற்க வேண்டும்.

ஓடவிட்டேன். டிவியில் ஒவ்வொரு கட்டமாக வந்து விழுந்தது. முதலில் ஒரு ஊதா. அப்புறம் எலுமிச்சை மஞ்சள். ஒரு ரத்தச் சிவப்பு, ஒரு வானம், ஒரு தூள் ரோஸ்! பன்னிரண்டும் விழுந்ததும் நான் போட்ட சத்தத்தில் முன்னறையில் பன்னிரண்டு டைப்ரைட்டரும் நின்றுவிட்டன. பாய் ஓடிவந்தார். "இன்னாம்மா, ஷாக் அடிச்சிருச்சா?" பார்த்தார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "மாஷா அல்லாஹ், பெருநாளுக்குத் துணி எடுத்தாப்ல கீதே!" என்றார். மறுபடி ஓடவிட்டோம், வேறு பன்னிரண்டு. இன்னொரு தடவை, இன்னொரு பன்னிரண்டு. அன்று மத்தியானம் ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முகம் வற்றிப் போயிருந்தது. டிவி முன்னால் உட்காரவைத்து ஓடவிட்டேன். கட்டங்களுக்கு நம்பரும் போட்டிருந்தேன்.

"எப்படிய்யா கீது?"

"ஷோக்கா கீது. ஆனா நீ பன்னண்டுன்னு சொன்னே?"

"பன்னண்டுதான்."

"மூணும் ஏழும் ஒண்ணுதானே. பத்தும் நாலும் கிட்டத்தட்ட அதான்."

மூன்றாவது கட்டம் செங்கல் நிறம். ஏழாவது வாழையிலை. நான் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "இந்த நேரத்துல இன்னாய்யா தமாஷு?" என்று திரும்பினால், அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உண்மையாகவே கஷ்டப்பட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக ஓடியது. கல்யாணமான புதிதில் "உனக்குப் பச்சையில ஒரு பொடவை" என்று மார்க்கெட்டிலிருந்து காப்பிக்கொட்டை நிறத்தில் வாங்கிவந்தது. பழுக்காத மிளகாயையும் பழுத்த மிளகாயையும் சேர்த்துப் பறித்து வந்து, "தொட்டுப் பாத்துதானே பறிச்சேன்" என்றது. நான் அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். மனுஷன் வாசலில் செங்காவி மிதவையைத் தொங்கவிட்டுக்கொண்டு பச்சை என்று சொன்னது சத்தியமான பேச்சு!

கல்யாணமான பெண், முன்னறையில் பசங்க இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"யோவ், உனக்குக் கண்ணு சரியா தெரியலைய்யா!"

"அதுக்கு ஏன்மே இப்படிக் குதிக்கிறே?"

"நீ திருடன் இல்லைய்யா!"

"அது எனக்குத் தெரியுமே" என்றார். நியாயம்தான். அவருக்குத் தெரியும். ஊருக்கல்லவா தெரிய வேண்டும்?

நைனாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நைனா சொன்னார்: "உங்க மாமன் இன்னா சொல்வான் தெரியுமா? தெரிஞ்சுகினே தெரியாத மாதிரி டபாய்க்கிறான்னு சொல்வான்." அதற்கும் வழி தேட வேண்டியதாயிற்று. மூன்று நாள் யோசித்து இன்னொன்று எழுதினேன். திரையில் இரண்டு கட்டம் வரும். பார்க்கிறவர் "ஒண்ணு" அல்லது "வேற" என்று சொல்ல வேண்டும். இருபது ஜோடி. சில உண்மையிலேயே ஒரே நிறம், சில வேறு வேறு. முடிந்ததும் அதே இருபதைக் குலுக்கிப் போட்டு மறுபடி, மூன்றாவதும் ஒரு தடவை. எது சரி, எது தப்பு என்று கடைசிவரைக்கும் மெஷின் வாயைத் திறக்காது. பொய் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் மாட்டுவான். கண்ணில் குறை இருக்கிறவன் மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் விழுவான்.

தலைவரைப் போய்ப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே வலைக்கண் கோத்துக்கொண்டிருந்தார். "டீவியில காட்டுனா நம்பிடணுமா?" என்றார். "வந்து பாத்துட்டு நம்பாதீங்க" என்றேன். அதைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் சிரித்துவிட்டது. "போய்ட்டு வாயேன், பொன்னேரிக்குப் போயி நாளாச்சு. வர்றப்போ வெத்தல வாங்கியா" என்றது. வெற்றிலைதான் எங்களுக்கு வழி திறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

வலை இறக்காத நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். தலைவர், மாமா, கூட்டத்தில் பேச்சுக்கு மரியாதை உள்ள இன்னும் மூன்று பேர், நைனா, நாங்கள் இரண்டு பேர். படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா, கோர்ட்டுக்கா?" என்றார். மாமா, "இல்லப்பா, டீவிக்கு" என்றார். "எந்த டீவியில வர்றீங்க?" என்று அந்த ஆள் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றுவிட்டார். பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் வேறு பேச்சில்லை.

பின்னறையில் டைப்ரைட்டிங் ஸ்டூல்களைப் போட்டிருந்தார் பாய். எல்லாம் சுற்றுகிற ஸ்டூல். மாமா உட்கார்ந்ததும் அது அரைச்சுற்று சுற்றி அவரைச் சுவரைப் பார்க்க வைத்தது. "படகே தேவல" என்றார். வாசல் நிலையில் டைப் பழகுகிற பெண்கள் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு டைப்ரைட்டரும் ஓடவில்லை.

நான் சம்சாரம் என்பதால் சாவியைத் தொட மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். பாய் அடித்தார். வீட்டுக்காரர் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, "வேற... வேற... ஒண்ணு... வேற..." என்று அறுபது. முடிந்ததும் திரையில் வந்தது: இருபதில் பதினாறு ஜோடி, மூன்று தடவையும் சரி. நாலு ஜோடி, மூன்று தடவையும் தப்பு. அதே நாலு. நாலிலும் ஒரு பக்கம் சிவப்பு இனம், இன்னொரு பக்கம் பச்சை இனம்.

பாய் ஒவ்வொன்றாகத் திரும்பக் காட்டினார். "இது ஒண்ணுன்னு சொல்லிச்சு உங்க மாப்பிள்ளை." மற்றவர்கள் "அட" என்றார்கள். மாமா மட்டும் விடவில்லை.

"மனப்பாடம் பண்ணிகினு வந்திருப்பான். பொண்டாட்டி மிஷினு, பொண்டாட்டி பரீட்சை."

"மாமா, குலுக்கிப் போட்டதை நீ பாத்தேல்ல?" என்றேன்.

"குலுக்குனதும் உன் மிஷினுதானே."

அப்போது தலைவர் எழுந்தார். "தள்ளு. கண்ணு இருக்குறவன் எப்படிச் சொல்வான்னு நான் காட்டுறேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அது அவரைச் சுற்றவில்லை. அவர் உட்கார்ந்தால் எதுவும் அசையாது.

"வேற" என்றார். "வேற." "ஒண்ணு." கணீரென்ற குரல். ஆறாவது ஜோடி: செங்காவியும் பச்சையும்.

"ஒண்ணு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அடி, பாய்" என்றார் தலைவர்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாத்தே, நல்லா பாரு. கண்ணாடி வேணுமா?"

"எனக்கு எதுக்கு கண்ணாடி? தெளிவா தெரியுது. ஒண்ணு."

இருபதும் முடிந்தது. தலைவருக்கு நாலு தப்பு. என் வீட்டுக்காரருக்கு எந்த நாலோ அதே நாலு.

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும். தலைவர் சிரிக்கவில்லை. அந்த நாலு ஜோடியையும் திரும்பப் போடச் சொல்லி ஒவ்வொன்றையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எங்களையெல்லாம் பார்த்துக் கேட்டார்:

"அப்போ இத்தினி வருஷமா உங்களுக்கெல்லாம் இது வேற வேறயாவா தெரிஞ்சிது?"

அந்தக் கேள்வியை நான் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். அறுபது வயசு மனுஷன், தான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இன்னொரு அறை இருந்தது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர் மாதிரி கேட்டார்.

"அப்போ உன் வலையை எப்படி எடுத்தே அண்ணாத்தே?" என்றார் நைனா.

"நான் எங்க மிதவையைப் பாத்தேன்? கயித்துல கை வெச்சா என் முடிச்சு எனக்குத் தெரியாதா? பெயிண்டு அடிக்கிறது, சீட்டு பாக்கிறது எல்லாம் வூட்டுல அவதான்."

மாமா மெல்ல எழுந்தார். "அப்போ என் வலையை நீ எத்தினி தபா எடுத்தே?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு தபா. முடிச்சைப் பாத்ததும் திரும்பப் போட்டுட்டேன்."

"உள்ள இருந்த நண்டு?"

"அது... நண்டுதானே, போயிருக்கும்."

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை எழுத வழியில்லை. மாமா சிரித்துச் சிரித்து ஸ்டூலோடு இரண்டு சுற்று சுற்றினார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வரவழைத்தார். நைனா என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, டீ ஆறும்வரை விடவேயில்லை. தலைவரும் கடைசியில் சிரித்தார். முதலில் மீசை, அப்புறம் வயிறு.

ஆனால் எழும்போது அவர் சொன்னது என் சிரிப்பை நிறுத்தியது. "திருடன்ற பேச்சு முடிஞ்சிது. ஆனா ஒண்ணு. நாளைக்கே இவனைத் தண்ணியில வுட்டா, நாளன்னிக்கு வேற எவன் வலையோ இவன் வாசல்ல தொங்கும். என் முடிச்சு எனக்குப் பழகிப்போச்சு. இவன் இந்தூருக்குப் புதுசு. சீட்டு குலுக்குறதுக்குள்ள பன்னண்டு நிறம் குடு. எனக்கும் தெரியணும், இவனுக்கும் தெரியணும், இதோ இவனுக்கும்" என்று மாமாவைக் காட்டினார். "குடுத்தா நோட்டுல பேரு இருக்கும்."

ஒன்பது நாள் மிச்சம்.

வீட்டுக்காரரின் தப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலக் குழாய் ஒரே அளவு. சிவப்பு இறங்கினால் பச்சை ஏறியிருந்தது, பச்சை இறங்கினால் சிவப்பு ஏறியிருந்தது. ஆக, அவருக்கு அவை இரண்டு குழாய் இல்லை, ஒரே குழாய்! தூரம் அளக்கிற வரியை மாற்றினேன். சிவப்பையும் பச்சையையும் கூட்டி ஒன்றாக்கி, அதில் எவ்வளவு வித்தியாசம், நீலத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் அளக்கச் சொன்னேன். ஓடவிட்டேன்.

ஒரு கருநீலம். ஒரு மஞ்சள். ஒரு வெள்ளை. இப்படி ஏழு விழுந்தது. எட்டாவதைக் காணோம். திரை அப்படியே நின்றது. உள்ளே கம்ப்யூட்டர் நிறத்தை எடுக்கிறது, அளக்கிறது, "போ, போ" என்கிறது, இன்னொன்றை எடுக்கிறது. எனக்குத் தெரியும், ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பாய், "நான் தொழுதுட்டு வந்துர்றேன், முடிஞ்சிடுமா?" என்று போனார். வந்தார். ஏழுதான். "நானே தொழுது எழுந்து வந்துட்டேன், எனக்கு முன்னாடி உக்காந்த மிஷினு இன்னும் எழுந்திருக்கலியே" என்றார். சாயங்காலம் வரை விட்டுப் பார்த்தோம். என் வீட்டுக்காரரின் கண்ணுக்குள் இருந்த ஏரி எங்கள் ஏரியைவிடக் குறுகல். அதில் ஏழு படகுக்குத்தான் இடம். தூரத்தைக் குறைத்தால் பன்னிரண்டும் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது கிட்டத்தட்ட இது, அது கிட்டத்தட்ட அது" என்று ஆரம்பித்துவிட்டார்.

அழுகை வருகிற மாதிரி இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கேட்டார்: "ஒரு மிதவைக்கு ஒரே நிறம்தான் அடிக்கணும்னு எந்த ஊர்ல சட்டம்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எங்க ஊர்ல ஒரு துணி கட்டுவோம், ரெண்டு துணி கட்டுவோம். அதே மாதிரி, கட்டை நடுவுல ஒரு பட்டை போட்டா?"

ஏழு நிறம் முழுசாக. அதில் ஐந்து நிறத்துக்கு நடுவே பட்டை: வெளுப்பான நிறத்துக்குக் கறுப்புப் பட்டை, அடர்த்தியான நிறத்துக்கு வெள்ளைப் பட்டை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. நான் ஏழு நாளாக ஐந்நூற்றுப் பன்னிரண்டு நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை, மூன்று நிறம்கூட முழுசாகத் தெரியாத மனுஷன் சோறு தின்றுகொண்டே முடித்துவிட்டார். கை கழுவக்கூட விடாமல் அவரைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினேன். நைனா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

பெயிண்ட் கடைக்காரர் இன்னொரு கூத்து. டிவியில் இருக்கிற நிறம் டப்பாவில் இல்லை என்றார். "கலந்து குடுங்க" என்றேன். "பாக்காம எப்படிக் கலக்கிறது?" என்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, டப்பாக்களோடு இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்து, குச்சியில் தொட்டுத் தொட்டு டிவி பக்கத்தில் பிடித்து, "இன்னும் ஒரு சொட்டு வெள்ள... போதும்... அய்யோ, ஜாஸ்தி" என்று ஒரு நாள் முழுக்க. டிவி கண்ணாடியில் விழுந்த ஒரு மஞ்சள் சொட்டைப் பாய் கடைசிவரை சுரண்டவில்லை.

சீட்டு குலுக்கும் நாளன்று, பெயிண்ட் அடித்த பன்னிரண்டு கட்டைகளைக் கரையிலிருந்து தூரத்தில் மிதக்கவிட்டார்கள். தலைவர் நின்று பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கப்புறம் என் வீட்டுக்காரர். அவருக்கப்புறம் மாமா, மாமா ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டு, சூரியன் கண்ணில் அடித்தது என்றார். தலைவர் நோட்டைத் திறந்தார், அந்தப் பேருக்கு நேரே விரலை வைத்தார், ஒன்றும் அடிக்காமல் மூடினார். சீட்டில் எங்களுக்கு மஞ்சள் விழுந்தது, நடுவே கறுப்புப் பட்டை. மாமாவுக்கு மறுபடியும் எங்களுக்குப் பக்கத்து இடம்.

மறுநாள் விடியற்காலையில் கூடையோடு கரையில் நின்றேன். பனி மூட்டத்தில் படகுகள் தெரியவில்லை; பேச்சு மட்டும் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. மாமாவின் குரல்தான் முதலில்.

"மாப்ளே! இந்த ஊதா என்னுது!"

"தெரியுது மாமா."

"இங்க ஒண்ணு கீது பாரு, அதுவும் என்னுது!"

"தெரியுது மாமா."

"அந்தாண்ட ஒண்ணு..."

"யோவ் மாமா, நீ கத்துற கத்துக்கு மீனெல்லாம் ஆந்திராவுக்கு ஓடப் போவுது! என் மஞ்சளை நான் எடுத்துட்டேன், நீ உன்னுத எடு!"

மூட்டத்துக்குள் பன்னிரண்டு கூட்டும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, படகு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.